சீட்டுக்கு அடியில் ஓர் உருமி: 320டி ஸ்பீக்கர் மாற்றிய அனுபவம்

வண்டியை வாங்கி வீட்டுக்கு ஓட்டி வந்த அன்றே தெரிந்துவிட்டது, சவுண்ட் எனக்குப் பத்தாது என்று. அதை வாய்விட்டுச் சொல்ல நாலு மாதம் ஆனது. பிஎம்டபிள்யூ வாங்கிவிட்டு "பாட்டு நல்லாயில்லை" என்று யாரிடம் போய்ச் சொல்வது? திருப்பூரில் சொன்னால், "ஏனுங்க, அவ்வளவு காசு குடுத்தது பாட்டுக் கேக்கவா?" என்பார்கள். நியாயமான கேள்விதான்.

2016 மாடல் 320டி. டீசல், செகண்ட் ஹேண்ட். ஓட்டுவதற்கு அது எப்படி என்று எழுத இந்த இடம் போதாது, அதனால் விட்டுவிடுகிறேன். பிஎம்டபிள்யூவின் ஊர் ஜெர்மனியின் பவேரியா, பவேரியா என்று பெருமை பேசிக்கொண்டாலும் என் வண்டி ஒன்றுசேர்ந்தது செங்கல்பட்டுப் பக்கம் மஹிந்திரா வேர்ல்ட் சிட்டியில். 2007 முதல் அங்கே அவர்களுக்கு ஃபேக்டரி இருக்கிறது. முதல் ஓனர் லெதர், சன்ரூஃப் எல்லாம் பார்த்துப் பார்த்து எடுத்தவர், ஆடியோவை மட்டும் கண்டுகொள்ளவில்லை. சேஸிஸ் நம்பரின் கடைசி ஏழு எழுத்தை, வண்டியில் என்னென்ன வசதி உண்டு என்று காட்டும் டீகோடர் தளத்தில் போட்டுப் பார்த்தேன். பட்டியலில் 676 என்று இருந்தால் ஹைஃபை சிஸ்டம், 688 என்று இருந்தால் ஹார்மன் கார்டன். என் வண்டியில் இரண்டுமே இல்லை. கம்பெனி நல்லதையும் விற்றது, இவர் வாங்கவில்லை. வாங்கும் முன்பே இதைப் பார்த்திருக்க வேண்டும். நான் பார்த்தது டயரையும் பெயிண்டையும்.

எனக்கு ஒரு சோதனை ஃபைல் உண்டு. மூன்று வருஷத்துக்கு முன்னால் எங்கள் ஊர் மாரியம்மன் நோம்பியில், கம்பத்தைச் சுற்றி ஆடும் ராத்திரி, அக்கா பையன் நல்ல ரெக்கார்டர் ஒன்றைக் கொண்டுவந்து பதிவு செய்தது. பதினொரு நிமிஷம். தப்பட்டை, உருமி, நடுவே ஜனங்களின் கூச்சல், தூரத்தில் ஒரு சைக்கிள் மணி. உருமியின் ஒரு பக்கத் தோலை வளைந்த குச்சியால் தேய்ப்பார்கள் இல்லையா, அப்போது ஊம்ம்ம் என்று வயிற்றில் இருந்து எழும்பி வருமே, அந்தக் குரல்தான் என் அளவுகோல். நல்ல ஸ்பீக்கரில் அது கீழிருந்து மேலே வழுக்கிக்கொண்டு போகும். என் புதுக் காரில் யாரோ சாக்குப் பையை இழுப்பது போலக் கேட்டது. தப்பட்டை மட்டும் தகரத்தில் அடித்த மாதிரி துள்ளியது.

இந்த வண்டியின் ஸ்பீக்கர் அமைப்பு விசித்திரமானது, ஆனால் புத்திசாலித்தனமானது. மற்ற கார்களில் கதவின் அடியில் ஆறரை இஞ்ச் ஸ்பீக்கர் இருக்கும். இதில் கதவில் இருப்பது வெறும் 4 இஞ்ச். பேஸுக்கான, அதாவது கனத்த கீழ் ஒலிக்கான ஊஃபர்கள் முன்சீட்டு இரண்டுக்கும் அடியில், கார்பெட்டுக்குக் கீழே ஒளிந்திருக்கின்றன. வாசற்படிச் சட்டத்தின் உள்ளே இருக்கிற வெற்றிடத்தையே ஊஃபரின் பெட்டியாகப் பயன்படுத்திக்கொள்கிறார்கள். ரொம்பக் கீழான ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று நம் காதுக்குப் பிடிபடாது. அதனால் பேஸ் சீட்டுக்கு அடியில் இருந்து வந்தாலும் முன்னால் இருந்து வருவது போலவே தோன்றும். யோசனை அருமை. அடிப்படை மாடலில் அதற்குச் சக்தி கொடுக்கும் தனி ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) கிடையாது, மெல்லிய மேல் ஒலிக்கான ட்வீட்டரும் கிடையாது, அவ்வளவுதான்.

நான் முதலில் போன கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. போனது என் தப்பு. வாசலில் எல்இடி, உள்ளே ஏசி, சுவர் முழுக்க டிவி அளவுக்கு ஆண்ட்ராய்டு ஸ்க்ரீன்கள். பையன் வண்டியைச் சுற்றி வந்து, "டிக்கியில ஒரு சப்ஊஃபர் பெட்டி போட்டுரலாம் சார், அதிரும்" என்றான். சீட்டுக்கு அடியில் ஊஃபர் இருப்பதே அவனுக்குத் தெரியாது. நான் சொன்னதும் குனிந்து பார்த்துவிட்டு, "அது ஏசி வென்ட் சார்" என்றான். அப்போதே சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பியிருக்க வேண்டும். செடான் வண்டியில் டிக்கிக்கும் கேபினுக்கும் நடுவே இரும்புச் சுவர் மாதிரி அடைத்திருக்கும். பெட்டியை டிக்கியில் வைத்தால் நம்பர் பிளேட்தான் அதிரும், நமக்குப் பாதிகூட வராது. இது தெரிந்ததால் பெட்டி வேண்டாம் என்றேன். கதவில் மட்டும் ஏதோ 4 இஞ்ச் கோஆக்சியல் (நடுவிலேயே ட்வீட்டர் வைத்த ஸ்பீக்கர்) ஜோடி போட்டுக் கொடுத்தார்கள். 14,500 ரூபாய்.

சத்தம் கூடியது. பாட்டு குறைந்தது. பாடுகிறவர் எங்கே நிற்கிறார் என்றே தெரியவில்லை. தலைக்குள்ளேயும் இருக்கிறார், பின்கண்ணாடியிலும் இருக்கிறார். கொஞ்சநஞ்சம் இருந்த கனமும் போய்விட்டது. பேலன்ஸை முழுக்க ஒரு பக்கம் தள்ளிக் கேட்டால் சரியாக இருக்கும், நடுவே வைத்தால் காணாமல் போகும். "செட் ஆக ஒரு மாசம் ஆகும் சார்" என்றார்கள். காத்திருந்தேன். செட் ஆனது நான்தான்.

இரண்டாவது இடம் கோயம்புத்தூரில், சத்தி ரோட்டை ஒட்டிய ஒரு சந்து. போர்டுகூடச் சரியாக இல்லை. ஒரே ஆள், ஒரு உதவிப் பையன், நிழலுக்கு ஒரு ஷெட். அவர் பாட்டைக்கூடப் போடச் சொல்லவில்லை. டோர் பேடைக் கழற்றினார். கழற்றும் முன் பேட்டரியைத் துண்டித்தார், கதவுப் பக்கம் ஏர்பேக் சமாச்சாரம் இருப்பதால். சட்டைப் பையிலிருந்து ஒரு பென்சில் செல் எடுத்தார், சுவர்க் கடிகாரத்துக்குப் போடுகிற அதே செல். ஸ்பீக்கர் ஒயர் இரண்டையும் செல்லின் இரு முனையிலும் லேசாகத் தொட்டார். வலது கதவு ஸ்பீக்கரின் கோன், அதாவது அதிரும் கூம்பு, டுப் என்று வெளியே வந்தது. இடது கதவில் அதே மாதிரி வைத்தார். அது உள்ளே போனது.

"இடது பக்கம் பிளஸ் மைனஸ் மாத்திக் குடுத்துட்டாங்கணா. ஒண்ணு தள்ளுது, ஒண்ணு இழுக்குது. ரெண்டும் சேந்து ஒண்ணுமில்லாமப் போகுது."

அரை நிமிஷம், ஒரு செல். ஒரு மாசமாக நான் தேடிக்கொண்டிருந்த பாடகர் அந்தக் கோனுக்குள் இருந்தார். ஒயரை இணைக்கும் கம்பெனி கப்ளரையும் வெட்டி எறிந்துவிட்டு, ஒயரை முறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள். அதைப் பார்த்து அவர் ஒன்றும் சொல்லவில்லை, நாக்கால் மட்டும் 'ச்ச்' என்றார். கப்ளரை வெட்டுகிற கடைக்கு வண்டியை விடாதீர்கள். மாற்று ஒயரிங் தனியாகவே கிடைக்கிறது. பின்னால் வண்டியை விற்கும்போது பழையபடி மாட்டிக் கொடுத்துவிடலாம்.

அவர் போட்ட பட்டியலும் அதற்குச் சொன்ன காரணமும் இது. கதவுக்கு ஃபோகலின் ஐஎஸ் பிஎம்டபிள்யூ 100எல், சீட்டுக்கு அடியில் அதே கம்பெனியின் 8 இஞ்ச் ஊஃபர் ஐசப் பிஎம்டபிள்யூ. ஃபோகல் பிரான்ஸில் செயிண்ட் எத்தியென் ஊர்க் கம்பெனி, 1979இல் ஆரம்பித்தது. பழைய ஓட்டையிலேயே பழைய ஸ்க்ரூவிலேயே உட்காரும்படி செய்திருக்கிறார்கள், எதையும் வெட்ட வேண்டியதில்லை. ஊஃபர் 2 ஓம், 4 ஓம் என்று (ஓம் என்பது மின்தடை அளவு) இரண்டு வகையில் வருகிறது. எந்த ஆம்ப் இருக்கிறது என்பதைப் பொறுத்து எடுக்க வேண்டும். விலை குறைவாகக் கிடைக்கிறதே என்று ஆன்லைனில் 2 ஓம் வாங்கி, 4 ஓமுக்கான இடத்தில் மாட்டினால் ஆம்ப் சூடாகிப் படுத்துவிடும். மல்ட்டிமீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு ஆர்டர் போடுங்கள்.

ட்வீட்டருக்கு இடம் இல்லாத பிரச்சினை ஒன்று இருந்தது. கதவின் பக்கக் கண்ணாடிக்கு உள்பக்கம் வரும் முக்கோண பிளாஸ்டிக், என் வண்டியில் மொட்டையாக மூடியிருந்தது. ஜாலி (ஸ்பீக்கர் மேல் வரும் வலை) வைத்த முக்கோணத்தை வரவழைத்து மாட்டினோம். அது வர மூன்று வாரம்.

பிறகு ஆம்ப். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "ஸ்பீக்கர் மேல தப்பில்லீங்ணா. அதுக்குச் சோறு போடறவன்தான் சின்னவன்." கணக்கு போட்டாலும் அதுதான் வருகிறது. ஓடுகிற வண்டியில் கிடைப்பது 14.4 வோல்ட். அதை வைத்துக்கொண்டு 4 ஓம் ஸ்பீக்கருக்கு ஹெட்யூனிட்டுக்குள், அதாவது வண்டியின் ரேடியோவுக்குள் இருக்கும் ஆம்ப் சுத்தமாகக் கொடுக்கக்கூடியது சுமார் 25 வாட், அதுவும் காகிதத்தில். அட்டைப் பெட்டியில் 50 வாட் என்று அடித்திருப்பதெல்லாம் உச்சகட்டத்தைச் சொல்வது. பெரிய தனி ஆம்புகளில் வோல்டேஜை உள்ளேயே உயர்த்திக்கொள்கிற சர்க்யூட் உண்டு. நாங்கள் எடுத்தது மேட்ச் கம்பெனியின் டிஎஸ்பி ஆம்ப் (ஒலியைக் கணக்குப் போட்டுத் திருத்தி அனுப்பும் சிப் உள்ளது), பிஎம்டபிள்யூவுக்கென்றே ஒயரிங்கோடு வருவது. ஹெலிக்ஸ், பிராக்ஸ் எல்லாம் செய்கிற ஜெர்மனியின் ஆடியோடெக் ஃபிஷர்தான் இதையும் செய்கிறது. இந்த வண்டியில் பேட்டரியே டிக்கிக்குள் இருக்கிறது, அதனால் பவர் ஒயர் ஒரு முழம்கூடத் தேவைப்படவில்லை. மற்ற கார்களில் பானெட்டிலிருந்து இழுத்து வர வேண்டும்.

மொத்தம் ஒன்றே முக்கால் லட்சத்துக்குச் சற்றுக் கீழே. முதல் கடையில் தொலைத்தது தனி. வீட்டில் நான் சொன்ன தொகை வேறு.

எனக்கே ஒரு சந்தேகம், எது எவ்வளவு வேலை செய்கிறது என்று. அதனால் ஒரே நாளில் எல்லாவற்றையும் மாட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். முதல் வாரம் ஸ்பீக்கரும் ஊஃபரும் மட்டும், ஆம்ப் இல்லாமல். சீட்டைப் பெயர்க்காமல், நாலு போல்ட்டைக் கழற்றிப் பின்னால் சாய்த்துவிட்டே ஊஃபரை மாற்றிவிட்டார். சீட்டுக்கு அடியில் இருக்கும் ஏர்பேக் கப்ளரைப் பிடுங்கிவிட்டு யாராவது சாவி போட்டால், டேஷ்போர்டில் ஏர்பேக் விளக்கு எரிய ஆரம்பிக்கும். அப்புறம் ஸ்கேனர் வைத்துத்தான் அணைக்க முடியும்.

அந்த வாரத்தின் தீர்ப்பு: நூற்றுக்கு இருபது. ட்வீட்டர் வந்ததால் வார்த்தைகள் தெளிந்தன. தப்பட்டைக்குத் தோல் முளைத்தது, தகரம் போனது. உருமி மட்டும் இன்னும் எழவில்லை. சவுண்டைப் பாதிக்கு மேல் தூக்கினால் குரல் கீச்சென்று இறுகியது. ஒரு லட்சத்துக்குக் கிட்டே செலவு செய்துவிட்டு அந்த வாரம் எனக்குத் தூக்கம் சரியில்லை.

இரண்டாம் வாரம் ஆம்ப் ஏறியது. அதன் பிறகு நடந்ததைத்தான் விவரமாகச் சொல்ல வேண்டும், காசின் பெரும்பகுதி பலித்தது அங்கேதான்.

சித்திரை மாத வெயில். ஷெட்டுக்குள் வண்டி, எல்லாக் கண்ணாடியும் மூடி, ஏசி நிறுத்தம். ஏசி காற்றின் சத்தம் மைக்கில் விழக்கூடாதாம். டிரைவர் சீட்டில் என் தலை இருக்கும் இடத்தில் ஒரு மைக், பக்கத்து சீட்டில் அவர், மடியில் லேப்டாப். ஸ்பீக்கரிலிருந்து சோ என்று ஓடு மேல் மழை பெய்கிற மாதிரி ஒரு சத்தம். லேப்டாப்பில் அது மலைத்தொடர் போலத் தெரிகிறது. மைக்கை ஒரு சாண் இந்தப் பக்கம், ஒரு சாண் அந்தப் பக்கம் என்று நகர்த்தி நகர்த்தி ஆறு இடத்தில் அளந்தார். நெற்றியில் வழிந்த வியர்வை கீபோர்டில் சொட்டியது, துடைத்துக்கொண்டார். இரண்டரை மணி நேரம்.

பேஸ் பகுதியில், 120 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு மேடு இருந்தது. "இந்த மேடுதாங்ணா எல்லாப் பாட்டையும் ஒரே மாதிரி குமுறவைக்குது" என்று அதை 6 டெசிபெல் இறக்கினார். இறக்கியதும் பேஸ் குறைந்த மாதிரிதான் முதலில் தோன்றியது. குறைந்தது குமுறல்தான் என்று புரிய நாலு பாட்டு தேவைப்பட்டது. அடுத்து தாமதக் கணக்கு. நம்மூர் வண்டியில் ஸ்டியரிங் வலப்பக்கம். வலது கதவு ஸ்பீக்கர் என் முழங்காலுக்குப் பக்கத்தில், இடது கதவு ஸ்பீக்கர் தூரத்தில். டேப் வைத்து அளந்தபோது வித்தியாசம் 45 சென்டிமீட்டர். ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது, ஆக வலது பக்க ஒலி 1.3 மில்லிசெகண்ட் முன்னாடியே வந்து சேர்ந்துவிடுகிறது. அந்த வலதுபக்கத்தை அத்தனை நேரம் நிறுத்தி வைத்து அனுப்புகிறது டிஎஸ்பி. இதைக் கேட்டு நான் மனசுக்குள் சிரித்தேன். ஆயிரத்தில் ஒரு நொடியை யார் கண்டார்கள்?

அவர் அதை ஆஃப் செய்து, ஆன் செய்து காட்டினார். ஆஃப் செய்தால் கச்சேரி முழுக்க என் வலது முழங்காலில் உட்கார்ந்திருக்கிறது. ஆன் செய்தால் எழுந்து போய் டேஷ்போர்டுக்கு மேலே, கண்ணாடிக்கு நடுவில் உட்கார்ந்துகொள்கிறது. சிரிப்பு நின்றுவிட்டது.

பிறகுதான் என் ஃபைலைப் போட்டேன். தப்பட்டைக்காரர்கள் இடப்பக்கம், உருமி நடுவில் சற்றுப் பின்னால். குச்சி தோலில் முதலில் பற்றும்போது வரும் சிறு கரகரப்பு தனியாகக் கேட்டது. அப்புறம் ஊம்ம்ம் என்று எழுந்து, மேலே வழுக்கி, அறுந்து, மறுபடி கீழே விழுந்து. தொடையில் அதிர்வு. தூரத்துச் சைக்கிள் மணி வலது கண்ணாடிக்கு வெளியே கேட்டது. நான் நிஜமாகவே திரும்பிப் பார்த்தேன். அவர் லேப்டாப்பை மூடாமல் பதினொரு நிமிஷமும் கேட்டார். கேட்டுவிட்டு, "இந்த ஃபைல எனக்கு அனுப்பிவிடுங்ணா" என்றார்.

அதிர்வென்று சொன்னேன் இல்லையா, அதுவே அடுத்த தலைவலி. நல்ல பேஸ் வந்ததும் வண்டிக்குள் இருக்கிற பிளாஸ்டிக் எல்லாம் சேர்ந்து பாட ஆரம்பித்தது. இடது கதவுப் பாக்கெட்டில் டோல் ரசீது, நடுவே சில்லறை, பின்னால் காலியான பெல்ட் கொக்கி. கதவு இரும்பில் டேம்பிங் ஷீட் ஒட்டச் சொன்னேன், ஒருபக்கம் அலுமினியத் தகடு, மறுபக்கம் பிசுபிசுவென்று பியூட்டைல் ரப்பர். கதவைச் சாத்தும் சத்தமே மாறியது. உடைந்த வெள்ளைக் கிளிப்புகளை மாற்றினோம். அவை முதல் கடையின் நினைவுச் சின்னங்கள். எண்பது சதவீதம் அடங்கியது. பின் ஷெல்ஃபில் ஏதோ ஒன்று குறிப்பிட்ட ஒரு சுருதியில் மட்டும் இன்னும் ரீங்காரம் போடுகிறது. நானும் விட்டுவிட்டேன்.

குறைகளைச் சொல்லாவிட்டால் விளம்பரம் ஆகிவிடும். 8 இஞ்ச் ஊஃபர் அத்தனை சின்ன இடத்தில் என்ன செய்யுமோ அதைச் செய்கிறது. பூமி அதிரும் எலக்ட்ரானிக் பேஸ் கேட்கிறவர்களுக்கு இது போதாது, அடியாழத்தில் மெல்லக் கைவிடுகிறது. பெருமாநல்லூரில் நெடுஞ்சாலை ஏறி நூறைத் தொட்டால், காற்று இறங்கினாலும் ஓடுகிற ரன்ஃபிளாட் டயரின் உறுமல் உருமியின் உறுமலில் பாதியைத் தின்றுவிடும். அதற்கு ஆம்ப் என்ன செய்யும்? டயர் தேய்ந்ததும் சாதாரண டயர் போடலாமா என்று யோசனை ஓடுகிறது. ட்ரெபிள், அதாவது மேல் ஒலி, எப்படி என்று என்னைக் கேட்காதீர்கள். இருபது வருஷம் நிட்டிங் மெஷின்களுக்கு நடுவே நின்ற காது. மகள் கேட்டுவிட்டு, "சீட்டி மாதிரி இருக்குப்பா" என்றாள். மறுவாரம் போய் ட்வீட்டரைக் கொஞ்சம் இறக்கிக்கொண்டோம், காசு வாங்கவில்லை.

இன்னொருமுறை செய்வதாக இருந்தால் முதலில் டிஎஸ்பி ஆம்பைப் போட்டு ட்யூன் செய்து, ஒரு மாதம் பழைய ஸ்பீக்கரிலேயே கேட்டிருப்பேன். ஒருவேளை அதோடு நின்றிருப்பேனோ என்னவோ. ஏற்கெனவே 688, அதாவது ஹார்மன் கார்டன் உள்ள வண்டி வைத்திருப்பவர்கள் இத்தனை செலவு செய்ய அவசரப்பட வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். நண்பர் ஒருவரின் வண்டியில் அது இருக்கிறது, என் பழைய நிலைமைக்கும் அதற்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. ஜாலியில் பொறித்திருக்கும் பெயரைப் பார்த்து மட்டும் மயங்காதீர்கள். ஹார்மன் கார்டன், ஜேபிஎல், மார்க் லெவின்சன் எல்லாம் ஒரே ஹார்மன் குடும்பம், 2017இல் சாம்சங் அந்தக் குடும்பத்தையே வாங்கிவிட்டது.

பின்சீட்டு ஸ்பீக்கர்களை நாங்கள் தொடவே இல்லை. அங்கே உட்காருவது அம்மா மட்டும்தான். முன்னால் மேடை கட்டிய சந்தோஷத்தில் பின்னால் சவுண்டை நன்றாகக் குறைத்து வைத்திருந்தோம். பழனி போய்வந்த அன்று பாதி வழியில் அம்மா, "பாட்டு நல்லாத்தான் இருக்குது சாமி, ரேடியோல நியூஸ் படிக்கறது ஒண்ணும் வெளங்கல" என்றார். அந்த ஆம்பில் இரண்டு செட்டிங்கைப் பதிந்து வைத்துக்கொள்ளலாம். மறுபடி சத்தி ரோட்டுக்கு ஓட்டிப் போனேன். இரண்டாவது செட்டிங்கில் தாமதக் கணக்கு கிடையாது, உருமிக்கான பேஸ் கிடையாது, பேச்சுக் குரல் மட்டும் தூக்கலாக, பின்சீட்டுக்கு. லேப்டாப்பில் அதற்கு என்ன பெயர் வைக்கட்டும் என்று கேட்டார். "அம்மா" என்றே அடித்துவிட்டோம்.